மலைமேல் நால்வகைத் தானம்



கொடைக்குப் பெயர்பெற்ற வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலே செல்ல வேண்டும். அங்குச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நலிந்த நோயாளிக்கு அந்த வழியே ஒரு சோதனை. ஆகவே காசநோயைப் பொறுத்தவரை அங்கே எழும் வினா இதுவே: எவரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம்? எவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்?

முதல் வினாவிற்குச் சென்னை விடை தந்தது. 1956-இல் அங்குத் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்துண்டவரையும் சானடோரியத்தில் தங்கியவரையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை பலனில் குறைந்ததன்று என்பதும், அதனால் வீட்டாருக்குத் தொற்று மிகுவதில்லை என்பதும் தெளிவாயின.

இரண்டாம் வினாவிற்கு, 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் வழி காட்டுகிறது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது. எனவே நோய் கண்டறிந்தவுடன், உயரத்திற்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், குருதியில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் வலிமை ஆகியவற்றைச் சுகாதாரப் பணியாளர் சோதிக்கிறார். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. எடைக்கருவியும், விரலில் மாட்டும் சிறு கருவியும், மூச்சை எண்ணும் பொறுமையும் போதும். மலையூரிலும் இது இயலும்.

எடையை ஏன் நோக்குகிறார்கள்? பசித்த உடலில் இந்நோய் எளிதில் வேரூன்றும் என்பதால். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு காசு தரும். சிறுதானியத்தின் ஊட்டத்தைத் தராது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப் பொருளும், குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் அளிக்கப்பட்டன. அவ்வாறு உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அந்த உணவில் புலால் சிறிதும் இல்லை என்பது கருதத்தக்கது.

சமணம் வகுத்த நால்வகைத் தானமும் இப்பணியில் ஒன்றுகூடுகின்றன. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை வேண்டும் என்று உணர்த்துவது சாத்திரதானம். ஆறு மாத மருந்தை இடைவிடாது உண்ணத் துணைநிற்பது ஔடததானம். மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது. நோயுற்றவரை ஒதுக்காது, அவர் அச்சம் போக்குவது அபயதானம்.

எஞ்சுவது ஆகாரதானம். அதற்கும் வாயில் திறந்தே உள்ளது. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்‌ஷய் மித்ரா' ஏற்பாட்டின்படி, தனியாரும் அறக்கட்டளைகளும் நோயாளி ஒருவரின் ஊட்டச்சத்து உணவை ஆறு மாதங்களுக்கேனும் ஏற்கலாம்.

விழா நாளில் இல்லந்தோறும் அடுப்பு எரியும். அந்நாளில் மலைமேல் ஓர் இல்லத்தின் அடுப்பையும் நினைப்பது அறமாகும்.

அறம் வளர்க!