உடலின் ஞாபகம்



அம்மாள் வருத்தம் ஒருமுறை கண்டவரை மறுமுறை அண்டாதெனப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் நிர்ப்பீடனவியல் கற்கப் புகுந்த நாங்கள் முதலிற் படித்ததும் அதுவே: வெண்குழியங்களுட் சில, கண்ட கிருமியை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை.

சின்னமுத்தோ அந்த ஞாபகத்தையே அழிப்பது! தடுப்பூசி பெறாத 77 ஒல்லாந்துப் பிள்ளைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். முன்னிருந்த பிறபொருளெதிரிகளுள் 11 முதல் 73 வீதம்வரை அழிந்திருந்தன. பழைய நோய்களுக்கெல்லாம் உடல் மறுபடி அரிவரி படிக்கவேண்டும்!

அதே 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. "வந்து போகட்டும்" என்னும் வீடுகள் நம்மிடையேயும் உள. வாசலில் வேப்பிலை செருகுங்கள், நாங்களும் செருகுகிறவர்களே. பிள்ளைக்கு ஊசி போடும் நாளை மட்டும் தவறவிடவேண்டாம்.