சாலையோரத்துக்கு எந்த மரம்?

பேருந்தும் லாரியும் ஓயாமல் போகிற சாலையில் நிற்கும் மரத்தின் இலை ஒன்றை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் கறுத்துவிடும். டீசல் புகைக் கரி, டயர் தேய்ந்த தூள், சாலைப் புழுதி எல்லாம் அதில் அப்பியிருக்கும். அடுத்த மழை வரும்வரை அந்த இலை இத்தனையையும் சுமந்துகொண்டுதான் வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்க வேண்டும்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு அவற்றின் வழியே நுழைந்து, இலையின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. பச்சையம் சிதைந்து, இலை பழுப்பேறி உதிர்கிறது. சில மரங்கள் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. அந்தத் தாங்கும் திறனை அறிய, இலையில் உள்ள வைட்டமின் சி, பச்சையம், நீர்ச்சத்து, சாற்றின் அமிலத்தன்மை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நெல்லிக்காயில் இருக்கிற அதே வைட்டமின் சி-தான் இலைக்கும் காவல்.

இந்தக் கணக்கில் ஆலும் அரசும் பல ஆய்வுகளில் முன்வரிசையில் வருகின்றன. அதற்காக இருபதடித் தெருவில் ஆலங்கன்றை நட்டுவிடக் கூடாது. வேர் சுவரைப் பிளக்கும். பிறகு கோடரிதான் வரும். ஆலுக்கும் அரசுக்கும் ஏரிக்கரையும் பெரிய பூங்காவும்தான் இடம். தெருவுக்குப் புங்கன், பூவரசு, மகிழம் போதும். மகிழம் நிதானமாகத்தான் வளரும். அந்தப் பொறுமை நமக்கு இல்லாததால்தான் சீக்கிரம் வளர்ந்து பூக்கும் மரங்களாகப் பார்த்து நட்டோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது, சென்னைத் தெருக்களில் அப்படி நட்ட மயில்கொன்றைகள் முறிந்து கிடந்ததை மறக்க முடியுமா?

புகையைத் தாங்கினால் மட்டும் போதாது என்பதற்குக் கோனோகார்ப்பஸ் என்ற மரம் சாட்சி. வறட்சி, உப்பு, புகை எதற்கும் அசையாது என்று குஜராத் நகரங்களில் வரிசை வரிசையாக வைத்தார்கள். வேர் குழாய்களைக் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகவில்லை என்று 2023-இல் அந்த மாநில அரசே அதை நடத் தடை போட்டது.

இன்னொன்று. வண்டி நெரிசலான குறுகிய தெருவில் இருபக்கக் கிளைகளும் மேலே கூடிக் கூரையாகிவிட்டால், புகை மேலே போக வழியில்லாமல் நடப்பவர் மூக்கருகே தங்கிவிடும். அங்கே மரங்களை இடைவெளி விட்டு நடுங்கள். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசவரும் ஒப்பந்தக்காரரிடம், மூன்றடி மண்ணையாவது திறந்து விடச் சொல்லுங்கள். வேருக்குத் தண்ணீர் இறங்கினால்தான் புகையைத் தாங்க இலையில் நீர்ச்சத்து இருக்கும்.