குடியிருப்போர்க்கு ஓர் அளவுகோல்

(பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் அரசு விற்கும் மதுப்புட்டியின் மேல் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கின்றது. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பது அதன் பொருள். எழுதிக் கொடுத்தவர் எவரோ, வீட்டை மறவாமல் சேர்த்துவிட்டார். அந்தப் புட்டியை விற்கும் கடை எங்கே அமையலாம், எங்கே அமையலாகாது என்று வரையறுக்கும் விதிகளும் அதே அரசு எழுதியவைதாம். 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் அவை. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடை வைக்கலாகாது என்று அவை கூறுகின்றன. எதிலிருந்து 50 மீட்டர்? வழிபாட்டிடத்திலிருந்து, கல்வி நிறுவனத்திலிருந்து. அவ்வளவே! வீடு அங்கே இல்லை. பிள்ளைகள் ஓடியாடும் பூங்கா அங்கே இல்லை. புட்டியின் மேல் இடம்பெற்ற வீடு, விதியின் உள்ளே இடம்பெறவில்லை. அதுவுமன்றி, நகர வரைபடத்தில் வணிகப் பகுதி என்று ஓரிடம் குறிக்கப்பட்டுவிட்டால், அந்த 50 மீட்டரும் அங்கே செல்லாது.

விதி எழுதியவர்களைக் கேட்டால், பிள்ளைகளைக் காக்கத்தானே பள்ளியைச் சேர்த்தோம் என்பார்கள். பள்ளி மாலையில் பூட்டப்படுகின்றது. மதுக்கடை நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தப்படுகின்றது. அங்கே கூட்டம் திரள்வது பொழுது சாய்ந்தபின். அந்நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது? பள்ளியிலா? வீட்டில் இருக்கிறது, தெருவில் விளையாடுகிறது, பூங்காவில் ஊஞ்சலாடுகிறது. ஆளில்லாத பள்ளிக் கட்டடத்திற்கு 50 மீட்டர் காவல் போட்டுவிட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தைத் திறந்துவிட்ட விதிக்குப் பெயர் பிள்ளைக் காப்பு!

மதுக்கடை வந்து சேர்ந்த தெருவில் என்ன நேர்கிறது என்பதைப் பெண்களிடம் கேட்க வேண்டும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெண், தன் தெருமுனையில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சுற்றி நடக்கிறாள். மாலை வகுப்புக்குப் போகும் மகளுக்குத் துணையாக அப்பனோ அண்ணனோ போக வேண்டியிருக்கிறது. துணைக்கு ஆளில்லாத வீட்டில் வகுப்பே நின்றுபோகிறது. திண்ணையில் அமர்ந்து காற்று வாங்கிய முதியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிப்பதில்லை. வீட்டில் மனைவி இருக்கிறாள். எனவே அருகிலுள்ள பூங்காவின் கல்லிருக்கை அவனுக்கு மேசையாகிறது. காலையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் புட்டிச் சில்லுகளை மிதிக்காமல் கால் வைக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

சில்லு என்றவுடன் நீலமலையின் நினைவு வரும். காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கு சென்னை உயர் முறைமன்றத்திற்குப் போயிற்று. அதன் விளைவாக 2022இல் நீலமலை மாவட்டத்தில் புட்டிக்குப் 10 உரூபா கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, வெறும்புட்டியைத் திருப்பித் தந்தால் அதை மீளத் தரும் முறை வந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. நல்ல முறை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் யானையின் காலுக்காக ஒரு மன்றம் அரசைத் தட்டிக் கேட்டபின்தான், பூங்காவில் ஓடும் தமிழ்க் குழந்தையின் காலுக்கும் அதன் பயன் சொட்டுச் சொட்டாக வந்து சேர்கிறது என்பதை மறைக்க இயலாது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. குடி என்பது தமிழில் மக்களைக் குறித்த சொல். குடும்பத்தைக் குறித்த சொல். வீட்டையும் ஊரையும் குறித்த சொல். குடியிருப்பு, குடிமை, குடியரசு, குடிமகன் எல்லாம் அதில் கிளைத்தவை. நாட்டின் உரிமையாளனைக் குறித்த குடிமகன் என்னும் சொல்லை இன்றைய நாளிதழ்களும் திரைப்படங்களும் தள்ளாடுகிறவனுக்குப் பட்டமாகச் சூட்டிச் சிரிக்கின்றன. ஒரு மொழியின் உயர்ந்த சொல் இப்படிச் சாக்கடையில் விழும்போது, சிரித்துக் கடந்து போகிறவர்களும் அதில் ஒரு கை சேற்றை அள்ளிப் போட்டவர்களே. கடை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். வாணிகம் என்பதே திருந்திய வடிவம், வாணிபம் பிழை. அந்தப் பிழையையும் எவரும் வழங்குவதில்லை. ஆங்கிலச் சுருக்கமான டாசுமாக்கு என்பதே கைக்குழந்தையின் வாயிலும் ஏறிவிட்டது.

குடியிருப்போர் மதுக்கடையை மறித்தது நேற்றுத் தொடங்கிய செய்தியன்று. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த காலம் அது. ஆண்கள் தளைப்பட்டபின் அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி மறியலை நடத்தினர். அதை நிறுத்துவது ஈரோட்டுப் பெண்கள் இருவர் கையில் இருக்கிறது என்று காந்தியடிகளே கூறியதாக வரலாறு. பின்னர் 1937 அக்தோபர் முதல்நாள் இராசாசி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் அது பரவியது. 1971இல் கதவு திறந்தது, இடையில் சாத்தியது, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் மொத்த வணிகத்துக்கென்று அரசு நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது.

அந்த 2003ஆம் ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈரோட்டில் அன்று மறிக்கப்பட்டவன் ஏலம் எடுத்த ஒரு தனியாள். அவனை மறித்தவர்கள் அரசிடம் முறையிட முடிந்தது. 2003க்குப் பிறகு கடைக்காரனே அரசு. இடத்திற்கு ஒப்புதல் தருபவர் அரசின் மாவட்ட ஆட்சியர். வேண்டா என்று மனுக் கொடுக்க வேண்டியதும் அவரிடமே. சாலையில் அமர்ந்தால் தூக்கிப் போவது அரசின் காவல்துறை. விற்பவனும் அளப்பவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒருவனே என்றால், வழக்கு எந்தப் பக்கம் சாயும்? ஆண்டுக்கு 45,000 கோடி உரூபாவுக்கு மேல் அரசுக்கு அந்தக் கடைகளிலிருந்து வந்த கணக்கு 2023-24க்கு உரியது. அத்தனை எடையும் தட்டின் ஒரு பக்கத்தில். மறுபக்கத்தில் ஒரு தெருவின் கையொப்பத்தாள்.

இதன் முழு விளைவு 2017இல் வெளிப்பட்டது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கலாகாது என்று 2016 திசம்பர் 15ஆம் நாள் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. சாலையில் உயிர்கள் சாவதைத் தடுக்க எழுந்த தீர்ப்பு. 20,000 மக்கள்தொகைக்கு உட்பட்ட ஊர்களுக்கு 220 மீட்டர் என்று 2017 மார்ச்சு இறுதியில் அது தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. மக்கள் மகிழ்ந்தார்கள்; அம்மகிழ்ச்சி சில நாள்கள்கூட நிற்கவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பெயர்ந்த கடைகள் ஊருக்குள் புகுந்தன. வீடுகளுக்கு நடுவிலும், வயல் ஓரத்திலும், பெண்கள் தண்ணீர் எடுக்கும் வழியிலும் இடம் தேடப்பட்டது. சாலைக்கு 500 மீட்டர், கோயிலுக்கு 50 மீட்டர், பள்ளிக்கு 50 மீட்டர் என்று ஒவ்வொன்றாக அளந்து தள்ளினால், எஞ்சிக் கிடப்பது எது? அளவுகோல் இல்லாத ஒன்றுதான். வீடு!

தமிழ்ப் பெண்கள் அன்று சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டின் ஏப்பிரல், மே திங்கள்களில் ஊர் ஊராகக் கடைமுன் அமர்ந்தார்கள். சில இடங்களில் புட்டிகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறித்து நின்ற பெண்ணொருத்தியைக் காவல் அலுவலர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே படக்கருவி வழியாகப் பார்த்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2015 சூலை 31இல், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஊரார் அகற்றக் கேட்ட ஒரு கடைக்காகத் தொலைபேசிக் கோபுரத்தின் மேலேறிப் போராடிய சசிபெருமாள் உயிரிழந்தார். ஒரே ஒரு கடையை இடம் மாற்றுவதற்கு ஒரு முதியவர் உயிரை ஒப்படைக்க வேண்டியிருந்த நாடு இது.

2016இலும் 2017இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மூடியது நன்று. எனினும் எந்த ஐந்நூறு என்பதை முடிவு செய்தது துறை. அதே 2023இல்தான், திருமணக் கூடத்திலும் விளையாட்டரங்கிலும் மாநாட்டுக் கூடத்திலும் மது வழங்கத் தனி உரிமம் என்று அரசிதழில் விதித்திருத்தம் வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் திருமணக் கூடம் மட்டும் நீக்கப்பட்டது. கூடத்தை அடுத்து வாழ்கிறவர்களை எவரும் முன்னதாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே!

மக்களைக் கேட்டால் ஊர்தோறும் வேண்டா என்பார்கள், கடை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று அச்சுறுத்துவோர் உண்டு. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டது, அரசின் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான். முழு மதுவிலக்கு வேண்டுமா என்பது பெரிய உரையாடல். அதற்கு வேறொரு நாள் தேவை. இங்கே எழும் கேள்வி சிறியது. இந்தத் தெருவில், இந்தப் பூங்காவின் அருகில், இந்த வீட்டெதிரில் கடை வேண்டுமா என்பதை எவர் சொல்வது?

ஆங்கிலத்தைத் தலையில் சுமக்கிறவர்கள் ஆங்கிலேயனிடம் கற்றிருக்க வேண்டியதைக் கற்கவில்லை. தமிழ்நாட்டரசு சில்லறைக் கடையைக் கையிலெடுத்த அதே 2003இல் இங்கிலாந்தில் உரிமச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அங்கே ஒரு பூங்காவுக்குள் இருக்கும் சிறு தேநீர்க்கடை, உணவோடு பீரும் திராட்சை மதுவும் விற்க விரும்புகிறது என்று கொள்வோம். வெளிர்நீலத் தாளில் அச்சிட்ட அறிவிக்கையைக் கடை வாயிலில் வழிப்போக்கர் கண்ணில் படும்படி 28 நாள் தொங்கவிட வேண்டும். உள்ளூர்த் தாளிகையிலும் வெளியிட வேண்டும். அந்த 28 நாளுக்குள் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பை எழுதித் தரலாம். பிள்ளைகள் விளையாடும் இடம் பக்கத்தில் இருக்கிறது, இருட்டியபின் கூச்சல் எழும், புல்லில் கண்ணாடி கிடக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தவிர்ப்பு, குழந்தைகளுக்குக் கேடு நேராமை ஆகிய நான்கில் ஒன்றைச் சார்ந்ததாக எதிர்ப்பு இருந்தால், ஊர் மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்து இரு பக்கத்தையும் நேரில் உசாவ வேண்டும். உரிமம் பெரும்பாலும் கிடைத்துத்தான் விடுகிறது. ஆனால் கட்டுக்களோடு கிடைக்கிறது: உணவோடு மட்டுமே விற்க வேண்டும், இத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், கண்ணாடிக் குவளை வெளியே போகலாகாது என்று. முடிவு பிடிக்காதவர் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தொல்லை மிகுந்தால் உரிமத்தை மீளாய்வு செய்யும்படி பிறகும் கேட்கலாம். குடிப்பழக்கம் வேரோடிய அந்நாட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரனுக்கு இத்தனை படிகள் இருக்கின்றன. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டில் இத்தனை படிகள் இல்லை.

கடல் கடந்து போக வேண்டா என்போர் மராட்டியத்தைப் பார்க்கலாம். ஓர் ஊரின் பெண் வாக்காளரில் 25 விழுக்காட்டினர் எழுதிக் கேட்டால், கடை இருக்கலாமா என்று மறைவாக்கெடுப்பு நடத்தும் முறை அங்கே உண்டு; பாதிக்கு மேற்பட்டோர் வேண்டா என்றால் கடை மூடப்படும். எழுத்தறியாதவரும் தவறாமல் வாக்களிக்க, தாளில் நிற்கும் புட்டி ஒன்றும் விழுந்து கிடக்கும் புட்டி ஒன்றும் வரையப்பட்டிருக்கும். கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்த உரிமை 2017இல் பறிக்கப்பட்டது. பறிக்க வேண்டியிருந்தது என்பதே அதன் வலிமைக்குச் சான்று. உத்தரமேரூரில் குடவோலையிட்டு ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் அமைத்ததைக் கல்வெட்டில் காட்டிப் பெருமை பேசும் தமிழக அரசுகள், அந்தக் கல்வெட்டுக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து, தெருவோரப் பூங்காவின் பக்கத்தில் எது வரலாம் என்று அத்தெருவைக் கேட்க அஞ்சுகின்றன.

கேட்க வேண்டியவை நான்கே. விதியில் கோயில், பள்ளி என்ற சொற்களுக்கு அருகில் குடியிருப்பு, பூங்கா என்ற இரு சொற்களும் ஏற வேண்டும். கடை வருமுன் அதே இடத்தில் தமிழில் அறிவிக்கை தொங்க வேண்டும். எதிர்ப்பவரை, விற்பனையோடு தொடர்பில்லாத ஒருவர் உசாவ வேண்டும். ஊரின் பெண்கள் கேட்டால் வாக்கெடுப்பு நடக்க வேண்டும்.

சிற்றூர்களில் ஊரவை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. தத்தம் ஊரில் கடைக்கும் முதல் வீட்டுக்கும் இடையே எத்தனை மீட்டர், கடைக்கும் பூங்காவுக்கும் இடையே எத்தனை மீட்டர், சுற்றி எத்தனை வீடு என்பதை நாடாவால் அளந்து எழுதி, அந்நாளில் ஊரவையின் முன் வைத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். பதிவேட்டின் படியைக் கையோடு பெற்றுக்கொள்ள வேண்டும். வழக்கு என்று ஒரு நாள் வந்தால், மன்றம் முதலில் கேட்கப்போவது அந்தப் படியைத்தான்.