பெருநாளைக்கு என்ன கொண்டு போகிறீர்கள்?

(திருச்சியில் கல்லூரி விடுதி மாணவர்களின் இஃப்தார் நிகழ்ச்சியில், ரமளான் பிறை 24 அன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்னும் நான்கைந்து நாட்களில் இந்த விடுதி காலியாகிவிடும். ஆளுக்கொரு பையைத் தூக்கிக் கொண்டு பேருந்து நிலையத்துக்கும் ரயிலடிக்கும் ஓடுவீர்கள். அந்தப் பையில் என்ன இருக்கும்? நான் சொல்லட்டுமா? உம்மா துவைப்பதற்காக ஒரு மாத அழுக்குத் துணி இருக்கும்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள். நானும் மதரஸா விடுதியில் ஏழு வருடம் இருந்தவன்தான். அந்தப் பையை நானும் சுமந்திருக்கிறேன்.

நோன்பின் சட்டங்களை வேறு ஆலிம்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது சின்ன விஷயம் போலத் தெரியும். பெருநாளைக்கு வீட்டாருக்கு என்ன அன்பளிப்புக் கொண்டு போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான். இது சின்ன விஷயமல்ல என்பது போன வருடம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த போது எனக்குப் புரிந்தது.

அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். தகப்பனார் சந்தை சந்தையாகப் போய் லுங்கியும் துண்டும் விற்கிறவர். தங்கைக்குப் பெருநாள் பரிசாக ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தர வேண்டும் என்று பையனுக்கு ஆசை. நல்ல ஆசைதான். கையில் காசில்லை. செல்போனில் ஒரு செயலி, ஐந்து நிமிடத்தில் கடன் என்று கூப்பிட்டது. நாலாயிரம் கேட்டான். ‘சேவைக் கட்டணம்’ என்று பிடித்துக் கொண்டு இரண்டாயிரத்து எண்ணூறுதான் கையில் கொடுத்தார்கள். ஏழாம் நாள் நாலாயிரத்தையும் கட்டு என்றார்கள். கட்ட முடியவில்லை. அதை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க மற்றொன்று! பெருநாள் முடிந்து பத்தாம் நாள், அவனுடைய போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அவன் படத்தைப் போட்டுத் ‘திருடன்’ என்று செய்தி அனுப்பி விட்டார்கள். ஜமாஅத் தலைவருக்கு வந்தது. தங்கையின் வகுப்பு ஆசிரியைக்கும் வந்தது. தகப்பனார் சரக்கு வாங்க வைத்திருந்த முதலை எடுத்துக் கடனை அடைத்தார். அந்தப் பெண் அன்றைக்குக் கழற்றி வைத்த கடிகாரத்தை இன்றுவரை கட்டவில்லை.

வட்டி ஹராம் என்று உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. உலகச் சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய கடன்களுக்கு விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. வருட வட்டி எத்தனை சதவீதம் என்பதை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்பது அதில் ஒன்று. அதையெல்லாம் மதிக்காத திருட்டுச் செயலிகள்தாம் உங்களைத் தேடி வருகின்றன. யாராவது ஏற்கனவே மாட்டிக் கொண்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்பது இணையக் குற்றங்களுக்கான உதவி எண். அங்கே புகார் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் தகப்பனாரிடம் சொல்லுங்கள். அடுத்தவர் அனுப்பிய படத்தைப் பார்த்து அவர் தெரிந்து கொள்ளும்படி விடாதீர்கள்.

சரி, காசில்லாதவன் அன்பளிப்பே கொடுக்கக் கூடாதா? அப்படியில்லை! ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்யுங்கள், அதனால் நேசம் வளரும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி தமது அல்அதபுல் முஃப்ரதில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரி கொடுப்பது ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக நினைக்க வேண்டாம் என்று பெண்களுக்குச் சொன்னார்களே, அது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆட்டுக் குளம்பில் என்ன கறி இருக்கப் போகிறது? கொடுப்பவரின் கை சின்னதாக இருக்கலாம், வாங்குபவரின் முகம் சுருங்கக் கூடாது. அதுதான் அங்கே பாடம்.

ஒரு விஷயம் சொல்கிறேன். 1996இல் எனக்குப் பதினாறு வயது. என் தகப்பனார் சவூதியில் ஒரு கம்பெனியில் ஓட்டுநர். உம்மாவுக்கு அரபுத்தமிழ் நன்றாக எழுத வரும். கடிதத்தை அவரே எழுதி விடுவார். ஆனால் உறையின் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுத வேண்டுமே! அதற்காக அடுத்த தெரு வாத்தியார் வீட்டுக்குப் போய், அவர் சாப்பிட்டு, தூங்கி எழும் வரைக்கும் திண்ணையில் காத்திருப்பார். அந்த வருடப் பெருநாளைக்கு உம்மாவுக்கு என்று பெரிய டப்பாவில் மிட்டாய் வாங்கிக் கொண்டு போனேன். ‘நல்லா இருக்கு வாப்பா’ என்று சொல்லிவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்து விட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விடுமுறை முடியும் முன்பு, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட வான் அஞ்சல் உறைகள் முப்பது வாங்கி, ஒவ்வொன்றிலும் தகப்பனாரின் விலாசத்தை, தபால் பெட்டி எண்ணோடு, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அன்பளிப்பு என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை. அந்த முப்பது உறைகள்தாம் உம்மா இன்றைக்கும் மருமகள்களிடம் சொல்லிக் காட்டுகிற அன்பளிப்பு! மிட்டாய் டப்பாவை அவர் மறந்தே போய்விட்டார்.

இப்போது உறை எழுதும் வேலை இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தத் திண்ணை இருக்கிறது. உங்கள் பெற்றோர் எதற்காக அடுத்தவர் வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் போனில் ஒவ்வொரு பெயருக்கும் அவரவர் முகப் படத்தை வைத்துக் கொடுத்தால், முகத்தைத் தொட்டு அவரே பேசிக் கொள்வார். தகப்பனார் மூன்று வேளை மாத்திரை சாப்பிடுகிறவரா? காலை, மதியம், இரவு என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, மாத்திரையின் வெற்று உறையையும் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள். கண் மங்கிய பெரியவர் இருந்தால் பெரிய எழுத்து யாஸீன் கிதாபு ஒன்று போதும். சொற்ப விலைதான். சகோதரிக்குக் கணக்கு வரவில்லையா? விடுமுறையில் தினமும் பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கடிகாரத்தைக் கழற்றி வைக்கலாம், படித்த கணக்கைக் கழற்றி வைக்க முடியாது.

‘ஹஜ்ரத், கையில் கொடுக்க ஏதாவது பொருளும் வேண்டுமே’ என்று கேட்பீர்கள். வேண்டும்தான். திண்டுக்கல் பக்கம் ரயிலில் போகிறவர்கள் மணப்பாறையைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அந்த முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருச்சியில் படிக்கிற பிள்ளை ஊருக்கு வந்தான் என்பதற்கு அதைவிட என்ன அடையாளம்? நெல்லை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்தமடை பக்கம்தான். தாமிரபரணிக் கரைக் கோரையில் அங்கே பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பத்தார், அதிலும் பெண்கள். பட்டுப் பாய் உங்கள் கைக்கு எட்டாது. முரட்டுக் கோரைப் பாய் எட்டும். தகப்பனார் தொழுவதற்கு ஒரு சின்னப் பாய் வாங்கினால், அந்தக் காசு ஒரு நெசவாளிப் பெண்ணின் வீட்டுப் பெருநாளுக்கும் போய்ச் சேரும். தொலைதூரத்தில் எந்திரத்தில் அடித்த தொழுகை விரிப்பை வாங்குவதைவிட இது எனக்குப் பிடிக்கிறது. இராமநாதபுரத்துப் பிள்ளைகள் ஒரு பனையோலைக் கொட்டான் வாங்கி, அதில் கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கொடுக்கலாம். கருப்பட்டி தீர்ந்தாலும் கொட்டான் அடுப்படியில் கிடக்கும்.

அத்தர் சொல்லவே வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை வேண்டாமென்று மறுக்க மாட்டார்கள் என அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஒரு சின்னக் குப்பி போதும். ஆனால் கடைக்காரர் புறங்கையில் தடவியவுடன் வாங்கி விடாதீர்கள். கொஞ்ச நேரம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். மட்டமான சரக்கு அதற்குள் பறந்து போயிருக்கும். (சிரிப்பு) இங்கே வந்திருக்கும் அத்தர் வியாபாரிகள் என்னை மன்னிக்கட்டும்.

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெருநாள் வாரத்தில் மாணவன் ஒருவன் கடைக்கு வந்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவன் கையில் இருப்பது இருநூறோ முந்நூறோ. அந்தக் காசுக்கு அடங்கும்படி ஒரு தொப்பி, ஒரு குப்பி, ஒரு கைக்குட்டை என்று கட்டி முன் வரிசையில் வையுங்கள். உங்களுக்கும் லாபம்தான், நான் தர்மம் கேட்கவில்லை. கடனுக்குக் கொடுப்பதாக இருந்தால் விலையைக் கூட்டாமல் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள்.

மாணவர்களே, இந்தப் பட்டியலில் வீட்டாரோடு நிறுத்தி விடாதீர்கள். எனக்கு இரண்டு அண்டை வீட்டார் இருக்கிறார்களே, யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது, யாருடைய வாசல் உனக்கு நெருக்கமோ அவருக்கு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இந்த விடுதியில் உங்களுக்கு நெருக்கமான வாசல் எது? பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் அறைத் தோழன். அவன் வேறு மதத்தவனாக இருந்தால்? உமர் (ரலி) அவர்கள் தமக்கு நபி (ஸல்) அவர்களிடமிருந்து கிடைத்த பட்டு அங்கியை, அப்போது இஸ்லாத்தை ஏற்காமல் மக்காவில் இருந்த தம் சகோதரருக்கு அனுப்பி வைத்தார்கள். அதுவும் புகாரியில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு உங்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்த நண்பன், பெருநாள் முடிந்து திரும்பும்போது உங்கள் பையைப் பார்ப்பானா மாட்டானா?

ஸஹருக்கு இரண்டு மணிக்கே எழுந்து சோறாக்கிய சமையல்காரர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் முழுவதும் அவர்கள் தூங்கிய நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டீர்களா? நானும் இன்று மாலைதான் கேட்டேன். எனக்கு அது வெட்கமாக இருந்தது.

இன்னொன்று. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள். தர்மத்தைச் சொல்லிக் காட்டிப் பாழாக்காதீர்கள் என்று திருக்குர்ஆன் 2:264 எச்சரிக்கிறது. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். விலை குறைவு என்று வெட்கப்பட்டுக் கிழிப்பதும் வேண்டாம், விலை அதிகம் என்று காட்டுவதற்காக விட்டு வைப்பதும் வேண்டாம். பித்ராவும் அன்பளிப்பும் ஒன்றல்ல என்பதையும் மறந்து விடாதீர்கள். பித்ரா ஏழையின் உரிமை, பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்தாக வேண்டியது. வீட்டில் உங்களுக்கும் சேர்த்துக் கொடுத்து விட்டார்களா என்று இன்றிரவே போன் போட்டுக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் பெருநாள் காசு வாங்குகிற வயது உங்களுக்குத் தாண்டி விட்டது. இந்த வருடம் பத்து ரூபாய்ப் புதுத் தாள்கள் கொஞ்சம் வங்கியில் மாற்றிக் கொண்டு போங்கள். தெருப் பிள்ளைகள் உங்களையும் பெரிய ஆளாக நினைத்துக் கை நீட்டுவார்கள். அப்போது என்ன செய்வது என்று முழிக்க வேண்டாம்.

தராவீஹுக்கு நேரமாகிவிட்டது. சமையல்காரர்களுக்காக ஓர் உறை போட்டிருக்கிறோம். கீழ்த்தளத்தில் நூலக மேசையின் மேல் இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்று எழுதும் நோட்டு அங்கே இல்லை, தேடாதீர்கள். வியாழக்கிழமை அஸருக்குப் பின் அதைக் கொடுக்கிறோம். அதற்கு முன்பே ஊருக்குப் புறப்படுகிறவர்கள் இன்றைக்கே போட்டுவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.