‘நல்ல தாய்’ தந்த தாய்



நெல்லைச் சீமையில் தொண்டாற்றிய முன்னோடித் தமிழ் ஆயர் ஜான் தேவசகாயத்தின் மகள். சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை ஆயர் சத்தியநாதனின் துணைவி அன்னா (1832-1890). மக்களைப் பெற்று வளர்த்தபடியே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வாசலைத் தாண்ட வழியற்ற மகளிரின் இல்லங்களுக்கே கல்வியைக் கொண்டு சென்றார். திருச்சபைப் பணி அவருக்கு ஊர்ப்பணியும் ஆயிற்று.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1860-களில் ‘நல்ல தாய்’ எனும் தமிழ் நூலும் எழுதினார். தமிழின் முதல் நாவல் 1879-இல் வெளிவருமுன் ஒரு பெண் தந்த உரைநடை அது.

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய மருமகள் கிருபாபாயை இலக்கிய வரலாறு போற்றுகிறது. தமிழில் எழுதிய மாமியாரோ பெரும்பாலும் திருச்சபை வரலாற்றுக்குள்ளேயே தங்கிவிட்டார். தாய்மையைப் பாடும் கவிஞர்கள், எழுதுகோல் ஏந்திய இத்தாயையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.