பயிற்சிச் செலவு யார் தலையில்?

(தொழிற்சங்க வகுப்பில் புதிய தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



“ஆட்கள் வருகிறார்கள், வேலை தெரியவில்லை” என்று முதலாளிமார் மேடைக்கு மேடை அங்கலாய்க்கிறார்கள். வேலை தெரியவேண்டும் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் தகராறில்லை. கற்றுக்கொடுக்கும் செலவு யாருடையது என்பதில்தான் தகராறு.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யூனியன் கார்பைடு ஆலையில் மிதைல் ஐசோசயனேட் என்ற கொடிய விஷத்தைக் கையாளும் பிரிவு இருந்தது. தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும் சரக்கு அது. அந்தப் பிரிவுத் தொழிலாளிக்கு ஆறு மாதம் பாதுகாப்புப் பயிற்சி இருந்தது. பூச்சிமருந்து விற்பனை படுத்தது; லாபம் சுருங்கியது. நிர்வாகம் கை வைத்தது எதில்? பயிற்சி 15 நாளாயிற்று! 12 பேர் பார்த்த வேலைக்கு 6 பேர் என்றாயிற்று. கையேடுகளோ ஆங்கிலத்தில், படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர் அநேகர். விஷத்தைக் குளிர்விக்கும் எந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றிரவும் அடுத்த சில நாட்களிலும் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மாண்டார்கள். கம்பெனி என்ன சொல்லிற்று? யாரோ ஒரு தொழிலாளி செய்த நாசவேலையாம்!

1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்து விவரங்களைக் கேட்டறியவும், பாதுகாப்புப் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டென்று எழுதினார்கள். அத்தனை பிணங்கள் விழுந்த பிறகு!

ஆகவே, நாளை உங்களை ஓர் எந்திரத்தின் முன் நிறுத்தி, “பார்த்துப் பழகிக்கொள்” என்று மேஸ்திரி சொன்னால், வெட்கப்படாமல் கேளுங்கள்: எத்தனை நாள் பயிற்சி? கற்றுத்தருபவர் யார்? அவசரத்தில் எந்திரத்தை நிறுத்தும் விசை எது? தனியாகக் கேட்கத் தயக்கமானால், சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள்.