பருவமழையும் விஞ்ஞானத்தின் எல்லையும்



 பூமியின் வருங்காலத்தை முன்கூட்டி உரைப்பதில் விஞ்ஞானம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்று இக்கருத்தரங்கில் விசாரிக்கப் புகும் நமக்கு, நூறாண்டுகளுக்கும் மேலாக அரசாங்கமே பொறுப்பேற்று நடத்திவரும் பரிசோதனையாகிய நம் தேசத்துப் பருவமழைக் கணிப்பைவிடத் தகுந்த உதாரணம் வேறொன்று இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமும் தக்கணமும் லட்சக்கணக்கில் ஜனங்களைப் பலிகொடுத்த பிறகு, அப்போதுதான் 1875-இல் நிறுவப்பட்டிருந்த வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்து பெய்த ஆண்டுகளில் சமவெளியில் மழை குன்றுவதைக் கண்டு, அதனையே அடிப்படையாகக் கொண்டு 1886 முதல் ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிடலானார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், 1899-இல் நல்ல மழை உண்டென்று கூற, அவ்வாண்டோ கொடிய வறட்சியில் முடிந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகள் முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் அரசாங்கத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். தவறியது அறிவின் குறை. ஆனால், மறைத்ததை நான் குற்றமென்றே கருதுகிறேன்.

1904-இல் அத்துறையின் தலைவராகப் பதவியேற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் பயின்ற கணித மேதை. உலகெங்குமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைத் திரட்டி, கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் குமாஸ்தாக்களைக்கொண்டே அவற்றிடையேயுள்ள சம்பந்தங்களைக் கணக்கிடுவித்த அவர், பசிபிக் சமுத்திரத்தில் அழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரத்தில் இறங்குவதும், அங்கு இறங்கும்போது இங்கு ஏறுவதுமாகத் தராசுத் தட்டுகள்போல் அசையும் தென் அலைவைக் கண்டறிந்தார். அவர் தேடியது இந்திய மழையின் திறவுகோல். அது முழுமையாக அவர் கைக்கு எட்டவில்லை. எட்டியதோ, பின்னர் 1969-இல் யாக்கோப் பியர்க்னெஸ் பசிபிக் கடல் வெப்பமாறுதலாகிய எல் நினோவுடன் இணைத்துக் காட்டியபோது, பூமண்டலத்தின் வானிலை முழுவதற்கும் பொதுவான ஒரு பேருண்மையாக விளங்கியது.

ஆயினும் அப்பேருண்மையும் நமக்கு உறுதி தரவில்லை. 1997-இல் அந்நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று தோன்றியும் தென்மேற்குப் பருவமழை சராசரிக்குச் சற்று மேலாகவே பெய்தது. 2002-இல், பதினாறு காரணிகளை இணைத்த கணிப்புமுறை சராசரியில் 101 சதவீதம் பெய்யுமென்று அறிவிக்க, ஜூலையில் மழை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, பருவ முடிவில் 81 சதவீதமே கிடைத்தது. அறிவிப்போடு சொல்லப்பட்டிருந்த பிழை வரம்புக்கும் வெகு அப்பால் உண்மை நின்றது. கடந்த ஆண்டுகளில் பொருந்திய சம்பந்தங்கள் வரும் ஆண்டுகளிலும் பொருந்தும் என்னும் அனுமானமே அவ்வரம்பின் உயிராக இருந்தது; அவ்வனுமானம் நலிந்தபோது வரம்பும் பொருளற்றுப் போயிற்று.

இதிலிருந்து, கணித்தலே வீண் என்று முடிவு கட்டலாகாது. தொடக்க நிலையிலுள்ள அணுவளவு பேதமும் பெருகி வானிலையையே திரித்துவிடும் என்று 1963-இல் எட்வர்ட் லோரன்ஸ் நிறுவினார். அதன்படி இரண்டு வாரங்களுக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் மழையைச் சொல்வது அரிது. ஆனால், வெப்ப மண்டலத்தில் ஒரு பருவத்தின் மொத்தப் போக்கை மெல்ல மாறும் கடற்பரப்பின் வெப்பம் ஓரளவு ஆள்வதால், அது கணிப்புக்கு இடந்தரும் என்று 1981-இல் சார்னியும் சுக்லாவும் எடுத்துக்காட்டினர். அறியத்தக்கது எது, அறியத்தகாதது எது என்று வகுத்தலும் அறிவுதானே.

தேச முழுவதற்கும் கூறப்படும் ஒற்றைச் சதவீதம் தமிழ்நாட்டு உழவருக்கு எவ்வளவு பயன்படும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பும் நம் கடலோர மாவட்டங்களில், எல் நினோ ஆண்டுகளில் பல சமயங்களில் மழை மிகுதியாகவே பெய்கிறது. ஒரே காரணம் வடக்கே வறட்சியையும் இங்கே வெள்ளத்தையும் தரக்கூடும்.

ஆகவே, இங்கே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் கணிப்பு பலித்த ஆண்டுகளோடு தவறிய ஆண்டுகளையும், அவை தவறிய காரணத்தையும், எந்தப் பிரதேசத்துக்கு அது செல்லாது என்பதையும் தயக்கமின்றிச் சபைமுன் வைக்கவேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.